தண்ணீருக்குக் கொடாதே

சரவணம்பட்டியில் மழை பிடித்துக்கொண்ட வாரம்.
ஆய்வகச் சுவர்கூட வியர்த்தது.
நான் கேலக்டோசை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

பால் சர்க்கரையில் பாதி அது. வெள்ளைப் பொடி.
ஐந்து கைகள்;
ஒவ்வொன்றும் எதையாவது பற்றத் துடிக்கும்.
எனக்கு வேண்டியது ஒரே கை.
மற்ற நாலும் சும்மா இருந்தால்தான்
வேலை நடக்கும்.

தை பிறக்கும் முந்தின மாலை
பூளைப்பூவும் ஆவாரையும் வேப்பிலையும் சேர்த்து
நிலவு, தொட்டி, மோட்டார் ரூம் எல்லாவற்றுக்கும்
காப்புக் கட்டுவோமே,
அந்தச் சொல்லைத்தான் நோட்டில் எழுதினேன்:
ஐந்துக்கும் அசிட்டைல் காப்பு.
பிரிடின் நாற்றம் துப்பட்டாவில் ஏறி
காந்திபுரம் வரை
பக்கத்து சீட் காலியாகவே வந்தது.

பிறகு முதல் கையின் காப்பை மட்டும் அவிழ்த்து
அங்கே புரோமினை உட்கார வைத்தேன்.
அது எழ, நைட்ரோபீனால் உட்கார்ந்தது.
எழுந்து போகவே அழைக்கப்பட்ட விருந்தாளி.
இந்த இடத்தில் ஈரம் நுழைந்தால்
மூன்று நாள் உழைப்பு பாகு.

அப்போதுதான் தம்பி கார்வேந்தன் போன் செய்தான்,
ராய்ப்பூர் தாண்டி ஏதோ ஒரு காட்டில்
திருச்செங்கோட்டு ரிக் வண்டியின் இரைச்சலோடு.
"எழுநூத்தி இருவது அடி போயாச்சுக்கா. வெறும் புழுதி."
நானும் அந்நேரம்
தண்ணீரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்,
வந்ததற்காக.

மெத்தனாலில் மிச்சக் காப்பைக் கழற்றினேன்.
ஒன்றுகூடத் தங்கக் கூடாது;
தங்கினால் நொதி முகம் திருப்பிக்கொள்ளும்.

நொதி, ஷாஹினாவின் பொறுப்பு.
பிறவியில் அது வெட்டுகிற ஜாதி:
சர்க்கரையைப் பிய்த்துத் தண்ணீரிடம் கொடுத்துவிடும்.
அவள் ஒரே ஓர் இடத்தை மாற்றினாள்,
தைரோசினுக்குப் பதில் பீனைல்அலனின்.
ஓர் ஆக்சிஜன் குறைந்தது, அவ்வளவே.
இப்போது வெட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு
யாருக்குத் தரலாம் என்று யோசிக்கிறதாம்.
அவள் சொல்வது. நொதி யோசிக்காது.

புரதத்தில் ஏற்கெனவே ஒரு சர்க்கரை அடிக்கட்டை உண்டு.
அதன் மேல் என்னுடையது ஏற வேண்டும்.
ஆனால் புரதம் கிடப்பதே தண்ணீரில்.
ஒரு புரதத்தைச் சுற்றி
கோடிக்கணக்கில் ஏந்திய கைகள்.
குளத்துக்குள் நின்றுகொண்டு
குளத்துக்குக் கொடாதே என்று
எப்படிச் சொல்வது?

கால் மணி நேரத்தில் மஞ்சள் வந்தது.
ஈரோட்டு மண்டியின் மஞ்சள் இல்லை,
நனைந்த மஞ்சள் துணி
வாளியில் விட்டுப்போகிற சாயம்.
புதிதாய்ச் சேர்ந்த சிபின் கைதட்டினான்.
நான் தட்டவில்லை.
விருந்தாளி எழுந்துவிட்டான் என்பதுவரைதான்
மஞ்சளுக்குத் தெரியும்.
சர்க்கரை யார் வீட்டுக்குப் போனது?
புரதம் எடுத்தாலும் மஞ்சள்.
தண்ணீர் தின்றாலும் மஞ்சள்.

மாஸ் ரூமில் நாச்சிமுத்து
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நூத்தி அறுவத்திரண்டு ஏறியிருக்குதுங்க."
பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்,
"கொஞ்சூண்டுதானுங்க."
திரையில்
பெரிய கரட்டுக்குப் பக்கத்தில்
ஒரு வரப்பு.
பரப்பை எண்ணிப் பார்த்தோம்: எட்டில் ஒன்று.

இரவு நானே தம்பியைக் கூப்பிட்டேன்.
தொள்ளாயிரத்துக்குக் கீழே சேறு வந்து
அப்புறம் தண்ணீர் வந்ததாம்.
எவ்வளவு என்றேன்.
"ஒன்னரை இஞ்சு. காட்டுக்காரர் அழுதுட்டாரு."
சந்தோஷத்திலா என்று கேட்பதற்குள்
லைன் போய்விட்டது.

நோட்டைத் திறந்து
எட்டில் ஒன்று என்று எழுதினேன்.
அடியில் கோடு போட்டேன்.
மீதியுள்ள பொடியின் மூடியை
இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன்.
வெளியே மழை விடவில்லை.